ஏற்றத்தில் வலுக் குன்றும் பழைய லொறி: குறையைக் கண்டறியும் முறை

விளைவித்த பொருளைக் கெடாமற் சந்தைக்குச் சேர்ப்பதும் கமத்தொழிலின் ஒரு பகுதியே ஆகும். போஞ்சி, கறிமிளகாய், தக்காளி முதலியன பறித்த நேரம் முதலே வாடத் தொடங்குகின்றன. கண்டிப் பகுதிக் கமக்காரர் பலர் மாலையில் லொறியை ஏற்றி, விடியுமுன் பேலியகொடைச் சந்தையை அடைய முயல்வது இதன் பொருட்டேயாம். திரும்பும்போது அதே லொறி உரமும் விதையும் பிற பொருள்களும் சுமந்து மலையேறுகின்றது. இடைவழியில் அது வலுவிழந்து நின்றுவிடின், மூன்று மாதம் பாத்தியிற் செய்த உழைப்பு ஓர் இரவிலேயே விலையிழந்துவிடும்.

கமக்காரரிடம் உள்ள லொறிகளும் உழவு இயந்திரங்களும் பெரும்பாலும் பழையன. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியை இடைநிறுத்தியது. 2025 ஆம் ஆண்டிலேயே அத்தடை பெரிதும் தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓட்டுதல் பலருக்கு வழக்கமாயிற்று. ஆகையால், பழைய எஞ்சினின் நோயை அறிந்துகொள்ளும் அறிவு, பயிர் நோயை அறிந்துகொள்ளும் அறிவைப் போலவே கமக்காரருக்குப் பயன் தருவதாகும்.

வலுக் குன்றிய எஞ்சினை உடனே கழற்றிப் புதுப்பிக்க வேண்டுமென எண்ணுவது பெருந் தவறாகும். எஞ்சினைக் கழற்றுதல் மிகுந்த செலவுடைய வேலை. அது கடைசியாகச் செய்யவேண்டியது. வலுக் குறைவுக்குரிய காரணங்கள் பல எஞ்சினுக்கு வெளியிலேயே உள்ளன. அவற்றைச் செலவு குறைந்ததிலிருந்து செலவு கூடியது வரை வரிசைப்படி ஆராயின், வீண் செலவு நீங்கும்.

கடுகண்ணாவை ஏற்றம் காட்டும் உண்மை

கொழும்பு–கண்டி வீதியில் மாவனெல்லையைக் கடந்து ஹிங்குல வழியாகக் கடுகண்ணாவை நோக்கிச் செல்லும் ஏற்றம் எஞ்சின்களைச் சோதிக்கும் இடமாகும். இவ்வீதியை அமைப்பதில் முன்னின்றவரும் 1829 ஆம் ஆண்டிற் காலமானவருமான கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் ஏற்றத்தின் உச்சியில் நிற்கின்றது. இதே மலையில் ஏறும் புகையிரதப் பாதை 1867 ஆம் ஆண்டிற் கண்டியை எட்டியது. றம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவை வரை அப்பாதையின் சரிவு 45 அடிக்கு 1 அடி என்ற அளவினது. நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில், பாரம் மிகுந்த தொடர்களைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கு மற்றோர் எஞ்சினும் சேர்க்கப்பட்டது. பாரத்துக்கு ஏற்ற வலு இல்லையேல் வலுவைக் கூட்டுதல் வேண்டும். அன்றேற் பாரத்தைக் குறைத்தல் வேண்டும். இவ்விதி லொறிக்கும் பொருந்தும்.

சமதரையிற் குறையின்றி ஓடும் லொறி ஏற்றத்தில் இளைப்பதேன்? ஒரு கணக்கினால் இது விளங்கும். பாரத்துடன் 1,550 கிலோகிராம் நிறையுள்ள சிறிய லொறி ஒன்றைச் சமதரையில் உருட்டிச் செல்ல ஏறக்குறைய 23 கிலோகிராம் விசை போதும். 20 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில் இதனுடன் மேலும் 77 கிலோகிராம் விசை வேண்டும். ஆக, மொத்தத் தேவை நான்கு மடங்குக்கு மேலாகின்றது. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதாயின், சமதரையில் 3 பரிவலுவுக்கும் குறைவாகத் தேவைப்படும் அவ்வண்டிக்கு ஏற்றத்தில் 11 பரிவலு தேவைப்படும். எஞ்சின் தன் வலுவில் மூன்றில் ஒரு பங்கை இழந்திருந்தாலும் சமதரையில் அது தெரியாது. ஏற்றத்திலே உடனே தெரியும். எனவே, மலை எஞ்சினைக் கெடுப்பதில்லை. முன்னரே இருந்த கேட்டை வெளிப்படுத்துகின்றது.

இக்கணக்கு மற்றொன்றையும் உணர்த்துகின்றது. மக்கள் பட்டா லொறி என்றழைக்கும் டாட்டா ஏஸ் வண்டியின் முதல் வகை 702 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள இரு சிலிண்டர் டீசல் எஞ்சினையும் 16 பரிவலுவையும் உடையது. அதற்கு விதிக்கப்பட்ட பாரம் 750 கிலோகிராம். அதன்மேல் 1,500 கிலோகிராம் ஏற்றினால், அதே ஏற்றத்தை அதே வேகத்தில் ஏறுவதற்குச் சில்லுகளில் மட்டும் 16 பரிவலுவுக்கு மேல் வேண்டும். எஞ்சின் முற்றும் நலமாயிருந்தாலும் அவ்வண்டி இளைக்கவே செய்யும். நோயற்ற எஞ்சினுக்கு மருந்து செய்வதிற் பயனில்லை.

உயரத்தையும் கருத்திற் கொள்க. மேலே செல்லச் செல்லக் காற்று ஐதாகின்றது. கடுகண்ணாவை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. டேர்போ இல்லாத எஞ்சின் இவ்வுயரத்தில் இருபதில் ஒரு பங்கு வலுவையே இழக்கும். இதனைச் சாரதி உணர்தல் அரிது. ஆயின் 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வலு குறையும். சிறிது கரும்புகையும் காணலாம். நுவரெலியாவில் மட்டும் இளைக்கும் பழைய லொறி நோயுற்றதெனக் கொள்ளற்க. கடுகண்ணாவையிலேயே இளைக்குமாயின், உயரத்தைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

முதலிற் கேட்கவேண்டிய கேள்விகள்

கருவியைக் கையில் எடுக்குமுன், சாரதி பின்வரும் கேள்விகளுக்கு விடை காணுதல் வேண்டும்.

1. வலு ஒரே நாளிற் குறைந்ததா, பல மாதங்களாகச் சிறிது சிறிதாகக் குறைந்ததா? திடீரெனக் குறைந்ததாயின் அடைப்பு, குழாய்ப் பிளவு, கேபிள் கழன்றமை போன்றவற்றை நினைக்கலாம். சிறிது சிறிதாகக் குறைந்ததாயின் தேய்வையோ அழுக்குச் சேர்க்கையையோ நினைக்கலாம்.

2. எஞ்சினின் வேகம் கூடியும் வண்டியின் வேகம் கூடவில்லையா? அங்ஙனமாயின் கிளச் வழுக்குகின்றது, எஞ்சினிற் குறையில்லை.

3. ஏற்றத்தின் தொடக்கத்தில் நன்றாக ஏறி, சிறிது தூரத்தின் பின் இளைத்து, நிறுத்தி ஓய்வு கொடுத்தபின் மீண்டும் நன்றாக ஏறுகின்றதா? இஃது எரிபொருள் வரும் வழியில் அடைப்பு இருப்பதற்கு அறிகுறி. வெப்பமானி மிகுந்து காட்டுமாயின், குளிரூட்டலிற் குறையுள்ளது.

4. புகையின் நிறம் யாது?

5. அண்மையில் எந்தப் பாகம் திருத்தப்பட்டது? எந்த இடத்தில் எரிபொருள் நிரப்பப்பட்டது? டயரோ பிறேக் பட்டையோ மாற்றப்பட்டதா? திருத்தியதன் பின் தோன்றிய குறைக்கு அத்திருத்தமே காரணமாதல் உண்டு.

இவற்றுள் நான்காவது கேள்வி டீசல் எஞ்சினுக்கு மிக முக்கியமானது. கரும்புகை, உள்ளே சென்ற எரிபொருளுக்குப் போதிய காற்று இல்லை என்பதைக் காட்டும். நீலப் புகை, எஞ்சின் ஒயில் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடேறிய பின்னரும் நீங்காத வெண்புகை, எரிபொருள் எரியாமல் வெளியேறுவதையோ சிலிண்டருள் நீர் புகுவதையோ காட்டும். மிதியை முழுதும் மிதித்தும், வலுவும் இல்லை, புகையும் இல்லை என்றால், எஞ்சினுக்கு எரிபொருள் போதவில்லை என்பதே பெரும்பாலும் பொருளாகும். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தவர் பாதி வழியைக் கடந்தவராவர்.

எஞ்சினுக்கு வெளியே உள்ள காரணங்கள்

முதலில் டயர்களின் காற்றமுக்கத்தை அளந்து பார்த்தல் வேண்டும். காற்றுக் குறைந்த டயர் உருள்வதற்கு அதிக விசையைக் கேட்கும். அடுத்ததாகப் பிறேக் பிடித்துக்கொண்டிருக்கின்றதா என ஆராய்தல் வேண்டும். பிறேக்கைக் கூடுமானவரை தொடாமற் சிறிது தூரம் ஓட்டி, சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுசென்று வெப்பத்தை உணர்க. உலோகத்தைத் தொடுதல் ஆகாது, கை வெந்துவிடும். ஒரு சில்லு மட்டும் மிகச் சூடாயிருப்பின், அதன் பிறேக் முற்றாக விடுபடவில்லை, அல்லது அதன் போல் பேரிங் கெட்டுள்ளது. இக்குறை எஞ்சினின் வலுவைத் தின்பதோடு இறக்கத்தில் உயிருக்கும் தீங்கு செய்யும். ஏற்கெனவே சூடான பிறேக், நீண்ட இறக்கத்திற் பிடிக்கும் ஆற்றலை விரைவில் இழந்துவிடும்.

இதன்பின் மிதி முழுதும் செயற்படுகின்றதா என நோக்குக. எஞ்சினை நிறுத்தியபின், ஒருவர் மிதியை அடிவரை மிதிக்க, மற்றொருவர் எஞ்சினருகே நின்று, பம்பியின் நெம்பு அதன் எல்லைத் திருகாணியை எட்டுகின்றதா எனப் பார்க்க வேண்டும். பழைய கேபிள் நீண்டிருப்பினும், மிதியின் கீழே தடித்த விரிப்பு மடிந்திருப்பினும், நெம்பு முக்காற் பங்கே நகரும். எஞ்சினும் முக்காற் பங்கு வலுவையே தரும். இதனைச் சரிசெய்யச் செலவு எதுவும் இல்லை.

காற்று

ஒரு லீற்றர் டீசல் முற்றாக எரிவதற்குக் குறைந்தது 10,000 லீற்றர் காற்று வேண்டும். அவ்வளவு காற்றும் காற்று வடியின் ஊடாகவே செல்லுதல் வேண்டும். தோட்டப் பாதையின் புழுதியும் சூடடிக்கும் களத்தின் உமித் தூசும் வடியை விரைவில் அடைத்துவிடும். கரும்புகையுடன் வலுக் குறையுமாயின் முதலில் ஆராயவேண்டியது இதுவே.

கடதாசி வடியாயின், அதனை எடுத்து உள்ளே ஒரு மின்விளக்கை வைத்து நோக்குக. ஒளி சீராக வெளியே தெரியாவிடின் வடியை மாற்றுதல் நன்று. மெல்லத் தட்டித் தூசை உதிர்க்கலாம். நீரிற் கழுவுதலும் பெருங் காற்றமுக்கத்தால் ஊதுதலும் கடதாசியைக் கிழிக்கும். பழைய உழவு இயந்திரங்களில் உள்ள ஒயிற் கிண்ண வடியாயின், கிண்ணத்தின் அடியிற் படிந்த சேற்றை நீக்கி, குறித்த மட்டம் வரை புதிய ஒயிலை ஊற்ற வேண்டும். வடியை நீக்கிவிட்டு ஓட்டுதல் கூடவே கூடாது. சிலிண்டருட் செல்லும் புழுதி ஒயிலுடன் சேர்ந்து அரம் போல் அராவி, பிஸ்டன் றிங்குகளை விரைவிலேயே தேய்த்துவிடும்.

டேர்போ உள்ள எஞ்சினில், டேர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் றப்பர்க் குழாய்களையும் அவற்றின் பட்டிகளையும் பார்க்க வேண்டும். ஏற்றத்திற் சீறும் ஒலியும் கரும்புகையும் சேர்ந்து தோன்றின், குழாயிற் பிளவு இருப்பதாகக் கருதலாம்.

எரிபொருள்

புகையின்றி வலுக் குறையுமாயின் எரிபொருள் வழியைத் தாங்கியிலிருந்து தொடங்கி ஆராய்க.

முதலாவது, தாங்கியின் மூடி. மூடியிலோ தாங்கியின் மேற்புறத்திலோ காற்றுப் புகும் நுண்துளை ஒன்று இருக்கும். அத்துளை அடைபடின், எரிபொருள் வெளியேறிய இடத்தை நிரப்பக் காற்று உட்செல்லாது, எரிபொருளும் வராது. வண்டி இளைக்கும்போது பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, மூடியைத் தளர்த்துக. காற்று உறிஞ்சும் ஒலி கேட்டு, பின்னர் வண்டி நன்றாக ஓடுமாயின், குறை கண்டறியப்பட்டது.

இரண்டாவது, நீரும் துருவும். பாதி வெறுமையாய் நிற்கும் தாங்கியின் உட்புறத்தில் இரவுக் குளிரால் நீர் துளிக்கின்றது. மழைக்காலத்தில் இது கூடுதல். 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டின்போது பலர் டீசலைக் கலன்களிலும் பீப்பாய்களிலும் சேமித்து ஊற்றினர். அவ்வாறு சேமிக்கும் எரிபொருளுடன் நீரும் தூசும் எளிதிற் சேரும். நீர்ப்பிரிப்பானின் அடித் திருகைத் திறந்து, சிறிது எரிபொருளைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து, அரை மணி நேரம் அசையாது வைக்க. நீர் அடியிலும் டீசல் மேலும் பிரிந்து நிற்கும். துருத் துகள்கள் காணப்படின் தாங்கியைக் கழற்றிக் கழுவுதல் வேண்டும். வடியை மட்டும் மாற்றினால், அது மீண்டும் அடைபடும்.

மூன்றாவது, டீசல் வடியும் அதற்கு முன்னுள்ள சிறு சல்லடைகளும். வடியை மாற்றுவோர் பலர் தாங்கியின் உறிஞ்சு குழாயிலும் ஊட்டும் பம்பியின் வாயிலும் உள்ள சல்லடைகளை மறந்துவிடுகின்றனர். நான்காவது, காற்று புகுதல். உறிஞ்சும் பக்கத்திற் குழாயோ வளையமோ வெடித்திருப்பின் டீசல் வெளியே ஒழுகாது, காற்றே உட்புகும். காலையில் எஞ்சின் தொடங்கத் தாமதித்து, கைப்பம்பியை அழுத்தியவுடன் தொடங்குமாயின், இக்குறையை ஐயுறுக.

புகை வெளியேறும் வழி

உட்சென்ற காற்று வெளியேற வழியில்லையேற் புதிய காற்றும் உட்செல்லாது. சைலன்சரின் உட்தகடு பெயர்ந்து வழியை அடைத்தலும், கரி படிந்து துளை சுருங்குதலும் பழைய வாகனங்களில் உண்டு. மலைவழி லொறிகளில் இதனினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. நடுத்தர லொறிகள் பலவற்றில், இறக்கத்திற் கால் பிறேக்குக்குத் துணையாகப் புகைக் குழாயை மூடும் எக்சோஸ்ட் பிறேக் பொருத்தப்பட்டுள்ளது. அதன் தட்டு கரியினாலோ துருவினாலோ இறுகி, பாதி மூடிய நிலையில் நின்றுவிடுதல் உண்டு. கொழும்பு நோக்கி இறங்கும்போது பயன்படுத்திய பிறேக், திரும்பி ஏறும்போது வலுவைக் கெடுத்தால் இதனையே ஐயுறுதல் வேண்டும். எஞ்சின் குளிர்ந்தபின், தட்டின் நெம்பு முழுதும் திறந்த நிலைக்குத் திரும்புகின்றதா எனப் பார்த்தால் உண்மை விளங்கும்.

கராஜில் ஆராய வேண்டியவை

மேற்கூறியவற்றிற் குறையொன்றும் காணப்படாவிடின் தேர்ந்த மெக்கானிக்கிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். அங்கும் ஒரு வரிசை உண்டு.

முதலில் வால்வு இடைவெளியை அளந்து சரிசெய்தல் வேண்டும். இடைவெளி இல்லாத வால்வு முற்றாக மூடாது, நெருக்கம் கசியும். இது சிறு வேலையாயினும், இதனைச் செய்யாமல் எஞ்சினைத் திறந்தோர் உண்டு. அடுத்து, நொசில்களைக் கழற்றிச் சோதனைப் பம்பியில் வைத்து, அவை உரிய அமுக்கத்தில் நுண்ணிய பனி போலத் தூவுகின்றனவா எனப் பார்க்க வேண்டும். ஒழுகும் நொசில் கரும்புகையையும் தட்டும் ஒலியையும் தரும். பின்னர் எரிபொருள் செலுத்தும் நேரத்தைச் சோதிக்க வேண்டும். நேரம் பிந்தினால் வலுக் குறைந்து, எஞ்சின் சூடேறி, வெண்புகை தோன்றும்.

இறுதியாக நெருக்க அமுக்கத்தை மானியால் அளத்தல் வேண்டும். டீசல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைப்பது நெருக்குண்ட காற்றின் வெப்பமே. நெருக்கம் குறையின் வலு குறையும். பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் இவ்வமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 25 முதல் 32 கிலோகிராம் வரை இருக்கும். சரியான அளவையும் தாழ்ந்த எல்லையையும் எஞ்சினைச் செய்தோரின் கைநூல் கூறும். சிலிண்டர்களுக்கிடையே உள்ள வேற்றுமை மொத்த அளவைப் போலவே முக்கியமானது. எல்லாச் சிலிண்டர்களும் ஒருமித்துக் குறைந்திருப்பின் பொதுத் தேய்வாகும். ஒன்று மட்டும் குறைந்திருப்பின் அதன் வால்வோ றிங்கோ கெட்டிருக்கும். அடுத்தடுத்த இரண்டு குறைந்திருப்பின் அவற்றிடையே ஹெட் கஸ்கட் எரிந்திருக்கும். இவ்வளவுகளைக் கடதாசியில் எழுதிப் பெறாமல் எஞ்சினைத் திறக்க இணங்குதல் நன்றன்று.

பெற்றோல் எஞ்சினாயின் எரிபொருளும் காற்றும் மேற்கூறியவாறே ஆராயப்படும். இவற்றுடன் பிளக், பிளக் வயர், தீப்பொறி நேரம், காபுரேற்றரின் துளைகள் ஆகியவற்றையும் பார்த்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

யட்டிநுவரப் பகுதிக் கமக்காரர் ஒருவரின் பழைய டீசல் லொறி, உர மூடைகளுடன் ஹிங்குலவில் ஏற்றத்தை நன்றாகத் தொடங்கி, பாதி வழியில் இளைத்து, முதற் கியரிலும் திணறுகின்றதென்று கொள்வோம். எஞ்சின் தேய்ந்துவிட்டது, புதுப்பிக்க வேண்டும் என்று ஒருவர் கூறுகின்றார். கமக்காரர் அதற்கு இணங்குமுன் வரிசைப்படி ஆராய்கின்றார்.

பாரம் விதித்த அளவே. டயர்களிற் காற்று உண்டு. சில்லுகளில் மிகுந்த சூடில்லை. எஞ்சின் வேகமும் வண்டி வேகமும் ஒன்றாகவே குறைகின்றன. ஆதலால் கிளச் வழுக்கவில்லை. வெப்பமானி நடுவில் நிற்கின்றது. புகை இல்லை, ஆதலாற் காற்றுக் குறைவு அன்று. பத்து நிமிடம் நின்றபின் மீண்டும் நன்றாக ஏறுகின்றது. தேய்ந்த எஞ்சின் பத்து நிமிட ஓய்வினாற் புதிதாகாது. ஆகவே தேய்வும் அன்று. எஞ்சியிருப்பது எரிபொருள் வழி. மூடியைத் தளர்த்தியும் மாற்றமில்லை. நீர்ப்பிரிப்பானிலிருந்து எடுத்த டீசலிற் செந்நிறத் துகள்கள் அடியிற் படிகின்றன. உறிஞ்சு குழாயின் சல்லடையைக் கழற்றினால் அது துருவினால் மூடியிருக்கின்றது. எஞ்சின் ஓடும்போது துகள்கள் சல்லடையில் ஒட்டிக்கொள்கின்றன, நின்றபின் விழுந்துவிடுகின்றன. ஓய்வின் பின் வலு மீள்வதன் காரணம் இதுவே. தாங்கியைக் கழுவி, சல்லடையைத் துலக்கி, வடியை மாற்றினால் வேலை முடிந்தது. எஞ்சினைக் கழற்றியிருந்தால், பெருஞ் செலவின் பின்னரும் அதே ஏற்றத்தில் லொறி மீண்டும் நின்றிருக்கும்.

வயலில் இருசில்லு உழவு இயந்திரம் இளைக்கும்போதும் இதே வரிசை பொருந்தும். அங்கே ஏற்றத்துக்குப் பதிலாகச் சேறு பாரமாகின்றது. பட்டி வழுக்குதல், காற்று வடி அடைபடுதல், டீசலில் நீர் கலத்தல் ஆகியவற்றை முதலிற் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கைகள்

இறங்கும் வழியை மறத்தல் ஆகாது. எஞ்சினின் நெருக்கமே இறக்கத்தில் வண்டியைத் தடுக்கும் முதற் பிறேக் ஆகும். நெருக்கம் குறைந்த லொறி ஏறுவதில் இளைப்பது போலவே, இறங்கும்போது கியரினால் தன்னைத் தடுப்பதிலும் இளைக்கும். முழுப் பாரமும் கால் பிறேக்கின்மேல் விழும். கோவா மூடைகள் நிறைந்த லொறியைக் கடுகண்ணாவை இறக்கத்தில் நியூற்றலில் விடுதல், டீசலை மீதப்படுத்தும் வழியன்று. உயிரைப் பணயம் வைக்கும் செயலாகும். எந்தக் கியரில் ஏறுவதோ அந்தக் கியரிலேயே இறங்குதல் பாதுகாப்பானது.

சோதனைக்கென மலையில் நிறுத்தும்போது, வீதியை விட்டு ஒதுங்கிச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைக்க வேண்டும். சூடான றேடியேற்றரின் மூடியைத் திறக்கலாகாது. எஞ்சின் ஓடும்போது நொசிற் குழாய்களைத் தளர்த்துதலும், டீசல் பீறிடும் இடத்திற் கையை வைத்துப் பார்த்தலும் மிக ஆபத்தானவை. அமுக்கத்துடன் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறிதாயினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். கொமன் றெயில் முறையிலமைந்த எஞ்சின்களின் எரிபொருட் குழாய்களைக் கமக்காரர் ஒருபோதும் தொடலாகாது.

குறிப்புப் புத்தகம்

நெல்லுக்கு உரமிட்ட நாளைக் குறித்து வைப்பது போல, வண்டிக்கும் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்தல் நன்று. ஒயில், வடிகள் மாற்றிய நாளும் ஓடிய கிலோமீற்றரும் அதில் எழுதப்பட வேண்டும். வண்டி நலமாயிருக்கும்போது, தெரிந்த ஓர் ஏற்றத்தை, தெரிந்த பாரத்துடன், எந்தக் கியரில், எவ்வளவு வேகத்தில் ஏறுகின்றது எனக் குறித்து வைக்க. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதனை ஒப்பிடின், குறை பெரிதாகுமுன்னரே புலப்படும். ஆண்டுதோறும் பெறும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் எறிந்துவிடாமற் சேர்த்து வைக்க வேண்டும். சென்ற ஆண்டினும் இவ்வாண்டு புகையின் அளவு கூடியிருப்பின், காற்று வடியையும் நொசிலையும் பார்க்கும் காலம் வந்துவிட்டதென அறியலாம்.

சுருக்கம்

1. பாரம், டயர், பிறேக், கிளச், மிதி ஆகியவற்றை முதலிற் பார்க்க.
2. கரும்புகை எனிற் காற்றையும் நொசிலையும், புகையின்மை எனில் எரிபொருளையும், நீலப் புகை எனில் தேய்வையும், நீங்கா வெண்புகை எனில் நேரத்தையும் நீரையும் ஆராய்க.
3. ஓய்வின் பின் வலு மீளுமாயின் அடைப்பைத் தேடுக.
4. எக்சோஸ்ட் பிறேக்கின் தட்டையும் சைலன்சரையும் மறவற்க.
5. வால்வு இடைவெளி, நொசில், நேரம், நெருக்க அமுக்கம் ஆகியவற்றை அளந்து எழுதிப் பெற்ற பின்னரே எஞ்சினைத் திறக்க இணங்குக.

மஞ்சளித்த இலையைக் கண்டவுடன் பயிரைப் பிடுங்கி எறியும் கமக்காரர் எவருமிலர். நீரா, உரமா, பூச்சியா என ஆராய்ந்தே அவர் மருந்து செய்கின்றார். அதே பொறுமையை எஞ்சினிடத்தும் காட்டினால், பழைய லொறி இன்னும் பல போகங்களுக்குப் பொருளைச் சந்தைக்குச் சேர்க்கும்.